உப்புத் தண்ணீர் கொடுத்தவள்

ஆத்துவாய்க் குப்பத்தில் ஒருவனை வாய்க்கு வந்தபடி திட்டலாம். வலையை அறுத்துவிட்டான் என்று மயிரைப் பிடித்து மணலில் இழுக்கலாம். மறுநாள் விடியும் முன்னே அவனோடு ஒரே கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்கும் போகலாம். அதையெல்லாம் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒருவன் கையில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை நாலு பேர் பார்க்கக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உறவு அறுந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கொடுத்த வீட்டிலிருந்து எவனாவது வாங்கினவன் வாசலை மிதித்தால், மிதித்தவனுக்கு ஊர்ச் சபையில் வாய் கிடையாது. வந்து உட்காரலாம், பீடி குடிக்கலாம். பேசக் கூடாது.

இது விளையாட்டு வழக்கமில்லை. ஊர்த் தலைவர் இருசப்பனின் சித்தப்பா ஒருவர் தன் கூடப்பிறந்த தம்பிக்கே அப்படிக் கொடுத்தவர். தம்பி செத்த அன்று தெருமுனை வரைக்கும் வந்து, அங்கேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பினார். அதைப் பார்த்தவர்கள் குப்பத்தில் இன்னும் இருந்தார்கள்.

ஆகவே வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் நல்ல தண்ணீர். கடன் கேட்டு வந்தவனாக இருந்தாலும் சரி, சண்டைக்கு வந்தவனாக இருந்தாலும் சரி, குடித்துவிட்டுத்தான் மற்றது.

கிணறு நன்றாக இருந்த வரைக்கும் இந்த வழக்கம் யாருக்கும் பாரமாக இல்லை. குப்பம் இருந்தது சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி. கலக்கும் என்பது பழைய மரியாதைக்காகச் சொல்வது. எழுபதுகளின் நடுவில் அடுத்தடுத்து மழை பொய்த்து, ஆற்றில் மணல்தான் கிடந்தது. அம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த ஊர்க்கிணறு முந்தின கோடையில் லேசாகக் கரித்தது. இந்தக் கோடையில் அந்தத் தண்ணீரில் குழம்பு வைத்தால் உப்பே போட வேண்டாம். மேற்கே ஆற்றோரம் ஆயில் எஞ்சின் போட்டு இறைக்கிற விவசாயிகள்தான் காரணம் என்றார்கள் சிலர். ஆற்றுப் படுகையில் கிணறு இறக்கிக் குழாயில் தண்ணீர் கொண்டுபோகத் திட்டம் போடுகிறார்களே, அதுதான் என்றார்கள் வேறு சிலர். அந்தக் கிணற்றுக்கு இன்னும் மண்வெட்டியே வைக்கவில்லை, அதற்குள் அதன் மேலும் ஒரு பழி. வானத்தைக் குற்றம் சொன்னவர் யாருமில்லை. வானத்தோடு மல்லுக்கு நிற்க முடியாதே.

ஊர்த் தலைவரைக் குப்பத்தில் நாட்டார் என்பார்கள். அப்போது நாட்டார் இருசப்பன். கறுத்த, அகன்ற மனிதர். அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். அவர் பெண்டாட்டி பூவாயி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்து மீன் விற்கிறவள், வாய் இல்லாமல் முடியுமா?

அந்த வைகாசியில் அவர்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. மகள் வச்சலா தலைப்பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளை நன்றாகத்தான் பிறந்தது. வச்சலாவுக்குப் பால் ஊறவில்லை. பூவாயி பால்சுறா வாங்கிப் புட்டு அவித்துப் போட்டாள், பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தாள், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் டப்பாப் பால்மாவுதான். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி அதில் கரைத்துக் கொடுத்தபோது குழந்தை வாந்தியெடுத்தது, வயிற்றால் போயிற்று, உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. சதுரங்கப்பட்டினத்து டாக்டர் தண்ணீரைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இதையா குழந்தைக்குக் கொடுத்தீங்க? காய்ச்சினா உப்பு போயிடுமா? நல்ல தண்ணி கெடச்சா குழந்தை பிழைக்கும். இல்லாட்டி நான் ஊசி போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லை."

அன்றிலிருந்து பூவாயிக்கு ஒரே கவலை, ஒரு குடம் நல்ல தண்ணீர். குவார்ட்டர்ஸில் மீன் வாங்கும் அம்மாக்கள் குடிக்க ஒரு சொம்பு கொடுப்பார்கள். குடம் கொடுக்க மாட்டார்கள்; அவர்களுக்கே முறை வைத்துத்தான் குழாய் திறந்தார்கள். சதுரங்கப்பட்டினத்துக் கிணறுகளில் அந்த ஊர்ப் பெண்களே குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது பக்தவத்சலத்தின் கிணறு ஒன்றுதான்.

பக்தவத்சலம் மேற்கே ஆற்றோரத்தில் கழனி வைத்திருந்தவர். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் அவருடைய எஞ்சின் கொட்டகை. அவருக்குக் கூடப்பிறந்த பெண்கள் கிடையாது. மீன் கொண்டுவந்து கொடுத்துக் கொடுத்து, பூவாயி அந்த வீட்டுக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். அவருக்கு அவள் தங்கச்சி என்றால் இருசப்பனுக்கு அவர் மச்சான்தானே? வச்சலா கல்யாணத்துக்கு மாமன் சீராக ஒரு வண்டி நெல் வந்து குப்பத்தில் இறங்கியது. பொங்கலுக்கு அங்கிருந்து மஞ்சள் கொத்தும் கரும்பும் வரும். இங்கிருந்து வஞ்சிரக் கருவாடு போகும்.

மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும்போது பூவாயி கொட்டகையில் குடத்தை வைப்பாள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே அவர் கத்துவார்.

"தங்கச்சி, கொயந்த எப்படிக் கீது?"

"கண்ணு தொறந்து பாக்குது அண்ணாத்த. உன் தண்ணிதான் காப்பாத்திகினு கீது."

"பத்தலேன்னா இன்னொரு கொடம் எடுத்துக்க. ஆனா ஊரையே கூட்டிகினு வந்துடாத. கெணறு கீழ போயிகினே கீது."

குப்பத்தில் அந்தக் குடத்துக்கு ஒரு மூடி, மூடிக்கு மேலே ஒரு கல். வீட்டில் மற்றவர்கள் குடித்தது கரிப்புத் தண்ணீர்தான். இருசப்பன் கடலிலிருந்து வந்து தொண்டை காய்ந்து நிற்கும்போதுகூட அந்த மூடியைத் தொட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் தண்டோரா போட்டார்கள். ஆற்றுத் தண்ணீர்த் திட்டத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள், ஊர் ஊராகக் கேட்டு எழுதப் போகிறார்கள், எல்லோரும் கோயிலடிக்கு வரவேண்டும். குழாய் குப்பத்துக்கு ஓரமாகவே போகப் போகிறது. வழியில் எந்த ஊரில் தண்ணீர் கெட்டிருக்கிறதோ அந்த ஊருக்குத் தெருக்குழாய் உண்டு. எங்கே நல்ல தண்ணீர் இருக்கிறதோ அங்கே கிடையாது. ஆற்றோரத்து எஞ்சின்கள் எத்தனை நேரம் ஓடலாம் என்பதையும் அதிலேயே முடிவு செய்வார்களாம்.

குப்பத்தில் அன்று வலையில் மீன் கொட்டின மாதிரி சந்தோஷம். "கேட்டு எழுதப் போறானுங்களாமே! இதுவரைக்கும் சொல்லிட்டுத்தான போவானுங்க?" என்று தணிகைவேல் கோயில் படியில் நின்று சிரித்தான். அவன் குப்பத்தில் கொஞ்சம் படித்தவன், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துவிட்டு வந்து பெட்டிக்கடை வைத்தவன், வாய்த் துடுக்கு.

அதிகாரிகள் வருகிற அன்று காலையில் இருசப்பன் வீட்டில் சண்டை வந்தது. அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"பூவா, அந்தக் கொடத்த கோயிலாண்ட கொண்டாந்து வெச்சிடு."

பூவாயி கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எந்தக் கொடம்?"

"நல்ல தண்ணிக் கொடம்."

"யோவ், இன்னா பேசற நீ? அது கொயந்தைக்கு."

"வரவங்களுக்கு இன்னா குடுக்கறது? கெணத்துத் தண்ணியா?"

"சோடா வாங்கிக் குடு."

"வூட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுக்காத சோடா குடுக்கறதா? அவனுங்க ஜீப்புல வரானுங்க, சோடா குடிக்காதவனுங்களா? நம்ம ஊர்த் தண்ணி ஒரு வாய் குடிக்காத போனா அது இன்னா வருகை?"

"நம்ம ஊர்த் தண்ணியே இல்லியேய்யா அது! கெணறு கரிக்குதுன்னு சொல்லத்தான கூடறோம்? கரிக்கறத குடுத்தாத்தான நம்புவான்?"

இருசப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ பேசக்கூடாததைப் பேசிவிட்ட மாதிரிப் பார்த்தார்.

"கவர்மென்ட்டு மொத தடவையா நம்மளக் கேக்க வருது. அவன் கையில உப்புத் தண்ணி குடுத்து, உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, போடான்னு அனுப்பச் சொல்றியா? நான் நாட்டாரா இருக்கற வரைக்கும் நடக்காது."

வச்சலா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தூளியில் முனகியது. "போவட்டும்மா. ஒரு சொம்பு எடுத்து வெச்சிட்டுக் குடு. சாயங்காலம் மாமா கெணத்துல புடிச்சிக்கலாம்" என்றாள். பூவாயி ஒரு சொம்பு மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் புருஷனைத் திட்டினாள். ஆனாலும் வழக்கம் அவளுக்கும் வழக்கம்தான்.

வெயில் ஏறி, மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்க ஆரம்பித்த நேரத்தில் ஜீப் வந்தது. கோயிலுக்கு முன்னால் வலையைப் பந்தலாகக் கட்டி மேலே பாய் போட்டிருந்தார்கள். இஞ்சினியர் ராஜாராம் இறங்கினார். கண்ணாடி போட்ட, நல்ல மாதிரியான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பந்தலுக்குள் வந்தார். கூட ஒரு குமாஸ்தா. ஆற்றோரத்து விவசாயிகள் சார்பில் பக்தவத்சலமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூவாயியைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதலில் தண்ணீர். இருசப்பன் தானே டம்ளரை நிரப்பி இரண்டு கையாலும் கொடுத்தார். வெயிலில் வந்த ராஜாராம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினார். குமாஸ்தா குடித்தார். பக்தவத்சலமும் தன் கிணற்றுத் தண்ணீரையே வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தத் தடவை நாங்களா முடிவு பண்ணிட்டு வரலை. இந்த ஆத்துத் தண்ணியை யார் யார் நம்பி இருக்காங்களோ அத்தனை பேரையும் கேட்டுட்டுத்தான் திட்டம். தைரியமா சொல்லுங்க" என்றார் ராஜாராம்.

இருசப்பன் எழுந்தார். "கெணறு கரிச்சிப்போச்சு சார். கொயந்த குட்டிங்க குடிக்க முடியல. பைப்புல எங்களுக்கும் ஒரு கொயா வெச்சிக் குடுங்க. வேற ஒண்ணியும் கேக்கல." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

ராஜாராம் லேசாகச் சிரித்தார்.

"கரிக்குதா? நான் இப்ப ரெண்டு டம்ளர் குடிச்சேனே. செங்கல்பட்டில எங்க வீட்டில இப்படித் தண்ணி கிடையாது. பாருங்க, இதுவரைக்கும் போன ஊரெல்லாம் இதே கதைதான். குழாய் வருதுன்னதும் எல்லா ஊர்லயும் கிணறு கரிச்சிடுது. நெஜமாவே கெட்டுப்போன ஊருக்கு அப்புறம் நான் எங்க போறது?"

குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அது எங்க தண்ணி இல்ல சார்! வெளிய புடிச்சாந்தது!" என்று தணிகைவேல் துள்ளி எழுந்தான்.

"அப்ப உங்க தண்ணியை ஏம்ப்பா கொடுக்கலை?"

தணிகைவேல் திரும்பி இருசப்பனைப் பார்த்தான். இருசப்பன் தரையைப் பார்த்தார். உறவு அறுந்துவிடும் என்று கொடுக்கவில்லை ஐயா என்று கண்ணாடி போட்ட ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நம்புகிற கதையா அது?

"வெளியன்னா எங்கேர்ந்து?"

"அதோ, அவரு கெணத்துலேர்ந்து" என்றான் தணிகைவேல், பக்தவத்சலத்தைக் காட்டி.

ராஜாராம் நாற்காலியில் திரும்பினார். "நீங்க பக்கத்து ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியுமே. சொல்லுங்க. இந்தக் குப்பத்துக் கிணறு கரிக்குதா? நான் குடிச்சது உங்க கிணத்துத் தண்ணியா?"

எல்லோரும் பக்தவத்சலத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். குப்பத்துக் கிணறு கெட்டது என்று எழுதினால் அடுத்த கேள்வி எஞ்சின்களைப் பற்றித்தான். ஆற்றுவாய்க்கு மிக அருகில் இறைப்பது அவருடைய எஞ்சின். கழனியில் நடவு முடிந்த பயிர் நின்றுகொண்டிருந்தது. அதுவும் உயிர்தானே? அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்த மனிதர்.

"எனக்கெப்படி சார் தெரியும்? தண்ணின்னா எல்லாம் ஒரே மாதிரிதான கீது" என்றார்.

பூவாயி பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். நேற்றுச் சாயங்காலம்கூட, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்ட வாய் அது. கோபம் என்று சொன்னால் போதாது. அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்ற கேவல்தான் முதலில் வந்தது. அதை விழுங்கினதும் கோபமாகிவிட்டது. கீழே இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கிணற்றடிக்குப் போனாள். ராட்டினம் கிறீச்சிட்டது.

இருசப்பனுக்குப் புரிந்துவிட்டது. "பூவா, வோணாம்" என்றார். எழுந்து நின்று மறுபடியும் சொன்னார். "வோணாம் பூவா. சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. டம்ளர் தளும்பத் தளும்ப வந்தாள். பெண்கள் விலகினார்கள். அவள் இஞ்சினியரிடம்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இஞ்சினியரும் கையை நீட்டினார்.

"அதான், இப்பவாவது கொண்டுவந்தீங்களே. இங்க கொடும்மா, பாத்துடறேன்."

"சார், நீங்க வாங்கக் கூடாது!" என்று இருசப்பன் பாய்ந்து அவர் கையைத் தடுத்தார்.

"ஏன்? நான் குடிச்சா என்ன?" ராஜாராமின் முகம் மாறியது. "உப்புன்னு சொல்றீங்க. குடிக்கறேன்னா தடுக்கறீங்க. என்னய்யா நாடகம் இது?"

அதற்குள் பூவாயி பக்தவத்சலத்தின் முன்னால் போய் நின்றுவிட்டாள். தளும்பிய தண்ணீர் அவர் வேட்டியில் சிந்தியது.

"இந்தா அண்ணாத்த. எல்லாத் தண்ணியும் ஒண்ணுதானேன்னியே. குடி."

பக்தவத்சலத்துக்கு அந்த வழக்கம் தெரியாதா? சின்ன வயதிலிருந்து குப்பத்தோடு பழகினவர். ரத்தம் சுண்டிய முகத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி..." என்றார். அவள் கையை இறக்கவில்லை. வேண்டாம் என்று அவர் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. வாங்கி, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். குடித்து முடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. உப்பினாலா வேறு எதனாலா என்று யாருக்குத் தெரியும். டம்ளரை மணலில் வீசினார்.

"வெட்டிவுட்ட இல்ல? ஊரு பாக்க வெட்டிவுட்ட. செரி." இஞ்சினியர் பக்கம் திரும்பினார். "சார், எய்திக்கோங்க. கரிக்குது. வாயில வெக்க முடியல. நீங்க மொதல்ல குடிச்சது என் கெணத்துத் தண்ணி. தெனம் இவதான் வந்து எடுத்துகினு போவா. இனிமே எதுக்கு நான் மறைக்கணும்? நாளையிலேர்ந்து இந்தக் குப்பத்துல ஒருத்தரும் என் கொட்டாய்ப் பக்கம் வரக் கூடாது. அதையும் எய்திக்கோங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சவுக்குத் தோப்பைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜாராமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தணிகைவேல்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னான். "சார், உப்புத் தண்ணிய நாங்க கையால குடுக்கக் கூடாது. குடுத்தா உறவு போச்சு. நீங்களா எறைச்சிக் குடிச்சா ஒண்ணுமில்ல."

ராஜாராம் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். தானே கயிற்றை இழுத்தார். உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் வைத்தார். வைத்ததும் துப்பினார். குனிந்து இன்னொரு தடவை துப்பினார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார்.

சொல்லியிருக்கலாம்தான். நீங்களே இறைத்துக் குடியுங்கள் என்ற ஒரு வார்த்தை கொஞ்சம் முன்னால் ஒருவர் வாயிலும் வரவில்லை. வந்திருந்தால் ஓர் அண்ணன் தங்கை உறவு மிச்சப்பட்டிருக்கும். பூவாயி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று முன்பு இருந்த கோபத்தில் ஒரு துளிகூட இப்போது அவளிடம் இல்லை. பயம்தான் இருந்தது.

போகும்போது ராஜாராம் இருசப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார். "நான் எழுதிட்டேன். ஆனா நான் எழுதினா மட்டும் போதாது. செங்கல்பட்டில எல்லா ஊர்க்காரங்களையும் வெச்சு ஒரு கூட்டம். விவசாயிங்களும் வருவாங்க, எஞ்சினை நிறுத்தக் கூடாதுன்னு கத்துவாங்க. உங்க ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்து பேசணும். பேச ஆள் வராத ஊருக்குக் குழாய் வராது. முடிவாகிப் பைப் போட ஆடி ஆயிடும்."

ஜீப் போனதும் குப்பம் கூத்தாடியது. தணிகைவேல் பூவாயியை அம்மன் என்றே கூப்பிட்டான். அவள் காதில் விழவில்லை. குடத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் மணலும் நாலு சொட்டும் இருந்தன. வீட்டுக்கு வந்தாள். எடுத்து வைத்த சொம்புத் தண்ணீரை மத்தியானத்துக்குள் வச்சலா பால்மாவில் கரைத்துக் கொடுத்துவிட்டாள்.

"யம்மா, சாயங்காலத்துக்கு?" என்றாள் வச்சலா.

பூவாயி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நானே என் கையால அடைச்சிட்டேன்டி. ஆடிக்குக் கொயா வரும். அது வரைக்கும் இது தாங்குமாடி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தை அழ ஆரம்பித்தது. அழுது அழுது தொண்டை கம்மியது. இருசப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் குடத்தைக் கேட்டு வாங்கினது அவர்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

உள்ளே வந்து குடத்தை எடுத்தார். பூவாயி நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெளியே போய்விட்டார்.

குப்பத்தில் ஆம்பிளை குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. நாட்டார் தோளில் குடத்தோடு தெருவில் நடந்தபோது வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பியதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. "அண்ணாத்த, வோணாம். சபையில வாய் போயிடும்" என்று தணிகைவேல் பின்னாலேயே ஓடினான். அவர் நிற்கவில்லை.

பக்தவத்சலம் கொட்டகை வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் நின்றிருந்தது. வரப்பு முடிகிற இடத்தில் இருசப்பன் ஒரு கணம் நின்றார். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"இன்னா நாட்டாரே?" என்றார் பக்தவத்சலம். மச்சான் என்று கூப்பிடவில்லை.

"தண்ணி."

"கொட்டாய மிதிச்சிட்ட. உன் ஊர்ல உனக்கு இனி பேச்சு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சா வந்த?"

"கொயந்த அழுவுது."

பக்தவத்சலம் குடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடியது. இருசப்பன் குடத்தைத் தண்ணீருக்கு நேரே பிடித்தார். நிரம்பியதும் பக்தவத்சலமே தூக்கி அவர் தோளில் வைத்தார். "நாளைக்கும் நீயே வா. அவ வரக் கூடாது" என்றார். இருசப்பன் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. ஒரு வாய் குடிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கோயிலடியில் சபை கூடியிருந்தது. குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு இருசப்பனும் வந்தார். வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. தோளிலிருந்த துண்டை மடித்து அம்மன் படியில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்து வயசானவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"செங்கல்பட்டுக்கு யாரு போறது?" என்று தணிகைவேல் கேட்டான். அவன் குரலில் காலையில் இருந்த துடுக்கு இல்லை. "அங்க மேலத்துக் கழனி ஆளுங்க எல்லாம் வருவானுங்க. எனக்கு இன்னிக்கே வாய் அடச்சிப்போச்சு. நாட்டாரு பேசக் கூடாது. யாரு பேசறது?"

இருசப்பன் வாயைத் திறந்தார். நினைவு வந்து மூடிக்கொண்டார். கண் மட்டும் பெண்கள் பக்கம் போனது.

பூவாயி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வயிறு நிறைந்து அது தூங்கியிருந்தது. வீட்டில் இறங்கிய குடத்தைப் பார்த்தபோதே அது எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷனைப் பார்த்தாள். அந்த மனிதர் ஊரில் சம்பாதித்து வைத்திருந்தது அந்த ஒரு வாய்தான்.

"நான் போறேன்" என்றாள்.

கொட்டகையை மிதிக்காதவள், சபையில் அவள் வாய் அப்படியே இருந்தது.

"தணிகவேலு, உன் கடையாண்ட காலி சோடா பாட்டுலு கீதா?"

"கீது. எதுக்கு?"

"நம்ம கெணத்துத் தண்ணி ரொப்பிக் குடு. செங்கல்பட்டுக்கு எடுத்துகினு போறேன்."

"அங்க போயி அவங்களுக்குக் குடுக்கப் போறியா? உப்புத் தண்ணியா?" என்றார் ஒரு கிழவர் பதறிப்போய்.

"வூட்டுக்கு வந்தவங்களுக்குத்தான குடுக்கக் கூடாது? அங்க நான்தான விருந்தாளி" என்றாள் பூவாயி. "மேச மேல வெச்சிட்டுக் குந்துவேன். கை நீட்டி எடுத்துக் குடிக்கறவன் குடிக்கட்டும்."

இருசப்பன் பின்வரிசையில் வாயைத் திறக்காமலே சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோளில் துண்டு இல்லை.